பூனைக்குப் பாட்டு இல்லை

கடந்த எட்டு மாதங்களாக ஒரு படக்கதைப் புத்தகத்தைச் சிறுவர்களுக்கான இசை நாடகமாக மாற்றும் வேலையில் இருக்கிறேன். உரையாடலும் பாடல் வரிகளும் என் பொறுப்பு. இயக்குநர், இசையமைப்பாளர், நான்கு நடிகர்கள், மூன்று வாத்தியக்காரர்கள் என்று எங்களுடையது சிறிய குழு. புத்தகத்தின் கதையும் சிறியதுதான். ஒரு சிறுமி மலைமேல் இருக்கும் பாட்டிக்கு ஒரு கடிதம் எடுத்துச் செல்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் அவள் "நான் தனியாகவே போனேன்" என்கிறாள். பக்கத்துக்குப் பக்கம் அவளுக்குப் பின்னால், சில சமயம் புதர் மறைவில் வால் மட்டும் தெரியும்படி, ஒரு சாம்பல் நிறப் பூனை வந்துகொண்டிருக்கிறது. எழுத்தில் ஓரிடத்திலும் பூனை இல்லை.

படக்கதைப் புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்கள் கொண்டவை. ஒரு பெரிய தாளின் இருபுறமும் அச்சிட்டு மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் கிடைக்கும். அப்படி இரண்டு ஃபாரம் சேர்ந்தது ஒரு புத்தகம். தலைப்புப் பக்கம், பதிப்புரிமைப் பக்கம் போன்றவற்றைக் கழித்தால் கதைக்கு மிஞ்சுவது பன்னிரண்டு முதல் பதினான்கு விரிபக்கங்கள்தான் (புத்தகத்தைத் திறந்தால் எதிரெதிராகத் தெரியும் இரண்டு பக்கங்கள் சேர்ந்தது ஒரு விரிபக்கம்). நிதானமாக வாசித்தாலும் ஐந்தாறு நிமிடங்களில் முடிந்துவிடும் இதை ஐம்பது நிமிட நாடகமாக்கச் சொன்னால், எழுதுகிறவனின் கை முதலில் புதிய பாத்திரங்களைத்தான் தேடும். வழியில் ஒரு வில்லன், ஒரு வேடிக்கைக்காரன், பாட்டிக்கு ஒரு பழைய கதை. நானும் அதைத்தான் செய்தேன். அதைவிடப் பெரிய தவறாக, பூனைக்கு ஒரு பெயர் வைத்து, அது ஏன் சிறுமியைப் பின்தொடர்கிறது என்று அதுவே சொல்லும் ஒரு தொடக்கப் பாடலையும் எழுதினேன்.

அந்தப் பாடல் மோசமான பாடல் அல்ல. குழுவில் எல்லோருக்கும் பிடித்திருந்தது; ஒரு வாரம் அதை முணுமுணுத்துக்கொண்டே இருந்தோம். ஆனால் முதல் முழு ஒத்திகையில் சிறுமியாக நடிப்பவர் "நான் தனியாகவே போனேன்" என்று சொன்னபோது அந்த வரி உயிரில்லாமல் விழுந்தது. பூனை ஏற்கெனவே எங்கள் எல்லோரிடமும் பேசி முடித்திருந்ததால், அது தவறான தகவல் தரும் ஒரு வாக்கியமாக மட்டுமே மிஞ்சியது. புத்தகத்தில் ஒவ்வொரு முறையும் சிரிப்பை வரவழைத்த வரி அது. என்ன ஆயிற்று என்று தெரிய, அன்று இரவு புத்தகத்தை மீண்டும் எடுத்து, எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு படங்களை மட்டும் பார்த்தேன்.

படக்கதைப் புத்தகத்தை இரண்டு பேர் சேர்ந்து படிக்கிறார்கள். பெரியவர் எழுத்தைப் படிக்கிறார்; எழுத்துத் தெரியாத குழந்தை படத்தைப் படிக்கிறது. வாசிக்கும் குரல் "தனியாக" என்று சொல்லும் அதே கணத்தில் குழந்தையின் விரல் பூனையின் வாலைத் தொட்டுவிடுகிறது. வாழ்நாளில் மற்ற எல்லா நேரத்திலும் பெரியவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாத ஒரு நான்கு வயதுப் பிள்ளைக்கு, அந்தக் கதையைச் சொல்கிற குரலுக்கே தெரியாத ஒன்று தெரிந்திருக்கிறது. அந்தப் பெருமிதத்தைத்தான் நான் முதல் பாட்டிலேயே பிடுங்கிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் எழுதப்பட்டவற்றை நாடகமாக்குவதுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். எழுதப்படாமல் விடப்பட்டதுதான் மேடைக்கு வர வேண்டியது என்பது அன்று இரவு புரிந்தது.

மறுநாள் தொடக்கப் பாடலை எடுத்துவிட்டோம். இப்போது பூனையாக வருபவர் எங்கள் புல்லாங்குழல் கலைஞர். அவருக்கு வசனமில்லை, பாட்டில்லை. சிறுமி பாடும் ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் நான்கு ஸ்வரங்கள் மட்டும் வாசிக்கிறார். சிறுமி திரும்பிப் பார்ப்பதே இல்லை. முதல் முறை அது வெறும் பின்னணி இசையாகக் கேட்கும். மூன்றாவது முறை, பார்க்க வந்திருக்கும் குழந்தைகள் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுகிறார்கள்.

இதை எங்களுக்கு முன்பே தெளிவாகப் புரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்கப் படக்கதை எழுத்தாளரும் ஓவியருமான மோரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட, காட்டுப் பிராணிகளின் தீவுக்குப் போகும் சிறுவனின் கதையில் மொத்தம் நானூறு சொற்கள்கூட இல்லை. தொடக்கத்தில் படம் பக்கத்தின் நடுவில் சிறிய கட்டமாக இருக்கிறது. சிறுவனின் அறை காடாக மாற மாற, படமும் வளர்ந்து எழுத்தை ஓரத்துக்குத் தள்ளுகிறது. ஆட்டம் உச்சத்துக்குப் போகும்போது தொடர்ந்து மூன்று விரிபக்கங்களில் ஒரு சொல்கூட இல்லை. பிரிட்டிஷ் இசையமைப்பாளர் ஆலிவர் நஸன் அதை ஆபெராவாக, அதாவது பாடியே நடிக்கும் மேலை இசை நாடகமாக, ஆக்கியபோது பாடல் வரிகளைச் செண்டாக்கே எழுதினார். முதல் வடிவம் 1980இல் பிரஸ்ஸல்ஸில் மேடையேறியது. சொல் நின்றுபோன அந்த மூன்று விரிபக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால், இசை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதைப் புத்தகமே சொல்லிவிடுவது தெரியும்.

பக்கத்தைத் திருப்புவது எங்களுக்கு இன்னொரு பெரிய பாடமாக இருந்தது. வலப்பக்கம் "அப்போது" என்ற சொல்லோடு முடிகிறது. திருப்பினால்தான் ஆற்றுப்பாலம் உடைந்திருப்பது தெரியும். புத்தகத்தில் அந்த இடைவெளி குழந்தையின் கையில் இருக்கிறது; பயமாக இருந்தால் தாளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வைத்திருக்கலாம். மேடையிலோ நேரம் இசையின் வசம் போய்விடுகிறது. ஆகவே அந்த இடங்களில் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வாசிக்கக்கூடிய இரண்டு ஆவர்த்தனங்களை, அதாவது தாளத்தின் இரண்டு முழுச் சுற்றுகளை மட்டும் இசையமைப்பாளர் எழுதியிருக்கிறார். கீபோர்டு வாசிப்பவர் இசைத்தாளைப் பார்ப்பதில்லை. சிறுமியின் இடது தோளைப் பார்க்கிறார். அரங்கில் சலசலப்பு அடங்கும்வரை நடிகை அசையாமல் நிற்பார். தோள் இறங்கினால்தான் அடுத்த ஆவர்த்தனம். ஒரு நாள் அது நான்கு முறை சுற்றியது, இன்னொரு நாள் ஒன்பது முறை.

பாடல் வரிகளில் நான் பட்ட பாட்டையும் சொல்ல வேண்டும். முதல் மெட்டில் "மலை" என்ற சொல்லின் முதல் எழுத்து இரண்டு மாத்திரை நீண்டு நின்றது. ஒத்திகை பார்க்க வந்திருந்த பிள்ளைகளிடம் சிறுமி எங்கே போகிறாள் என்று கேட்டபோது, அவள் மாலை வாங்கப் போகிறாள் என்றார்கள். குறில் மேல் நீண்ட ஸ்வரத்தை ஏற்றினால் தமிழில் சொல்லே வேறாகிவிடுகிறது: மலை மாலையாகும், படி பாடியாகும். பெரியவர்கள் இடம் பார்த்துப் பொருளைச் சரிசெய்துகொள்வார்கள்; கதையை முதல் முறை கேட்கும் ஐந்து வயதுப் பிள்ளை காதில் விழுந்ததை அப்படியே நம்பும். அதன்பின் ஒவ்வொரு மெட்டையும் சொற்களோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பார்த்தோம். நெடிலிலும், அடியின் கடைசியில் வரும் ம், ன், ல், ர் போன்ற ஒற்றுகளிலும் குரலை நிறுத்தலாம். வல்லின ஒற்று வாயை அடைத்துவிடும். "மலை"யில் நீட்டலை "லை"க்குத் தள்ளியதும் சிக்கல் தீர்ந்தது. எல்லோரும் சேர்ந்து பாட வேண்டிய பல்லவியை ச முதல் ப வரை ஐந்து ஸ்வரங்களுக்குள் அடக்கினோம். அதற்கு மேலே போனால் சின்னக் குரல்கள் பாட்டை விட்டுவிட்டுக் கத்தத் தொடங்குகின்றன.

அனுமதி பற்றி ஒரு சொல். ஒரு படைப்பைத் தழுவி வேறு வடிவமாக்கும் உரிமை படைப்பாளியுடையது என்பதைப் பதிப்புரிமை பற்றிய சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையே சொல்கிறது. எழுதியவரும் வரைந்தவரும் வேறு வேறு ஆட்களாக இருந்தால், எழுதியவரின் சம்மதம் மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கதையில் பூனையைப் படைத்தவர் ஓவியர்; அவர் இல்லாமல் மேடையில் எங்களுக்குக் கதையே கிடையாது. அவரைத் தொடக்கத்திலேயே சந்தித்தது நல்லதாயிற்று. பூனையின் பெயர் என்ன என்று நான் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. அதன் பொருளை அப்போது நான் உணரவில்லை.

இறுதிக் காட்சியைப் பற்றித்தான் குழுவுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுத்து இல்லை; பாட்டியின் மடியில் கடிதம், வாசற்படியில் உறங்கும் பூனை, அதை முதல் முறையாகப் பார்க்கும் சிறுமியின் முகம். நாடகம் எல்லோரும் பாடும் பாட்டோடுதான் முடிய வேண்டும் என்று இசையமைப்பாளர் கேட்டதில் நியாயம் உண்டு; குழந்தைகள் வீட்டுக்குப் போகும் வழியில் பாட ஒரு பாட்டு வேண்டும். எனவே அந்தப் பாட்டு இப்போது பாட்டியின் வீட்டுக் கதவு திறக்கும் இடத்தில் வருகிறது, ஆரவாரமாக, கைதட்டலோடு. அதற்குப் பிறகு சிறுமி திரும்புகிறாள். இசைத்தாளின் கடைசிப் பக்கத்தில் எட்டு ஆவர்த்தனங்களுக்கு ஓய்வுக்குறிகள் மட்டுமே இருக்கின்றன. ஒன்பதாவதில் புல்லாங்குழலின் அதே நான்கு ஸ்வரங்களைச் சிறுமி, சொல் எதுவும் இல்லாமல், தன் குரலில் பாடுகிறாள்.