இங்கிலாந்தில் ஷாட்கன் சர்டிபிகேட்: எங்கே இழுத்தடிக்கும், எதற்குத் தயாராக இருக்க வேண்டும்

ஷாட்கன் (சிதறுகுண்டுத் துப்பாக்கி) வைத்திருக்கப் போலீஸ் தரும் சர்டிபிகேட் கைக்கு வந்துவிட்டது. டாக்டர் படிவத்தால் பட்ட பாடுதான் இன்னும் ஆறவில்லை. அதனால் அதையே முதலில் சொல்கிறேன்.

2021 நவம்பரிலிருந்து மருத்துவ விவரம் இல்லாத விண்ணப்பத்தைப் போலீஸ் எடுப்பதில்லை. நம் ஜிபி, அதாவது நாம் பதிந்திருக்கும் குடும்ப டாக்டர், அதற்கான படிவத்தை நிரப்பித் தர வேண்டும். அல்லது ஜிஎம்சி (இங்கே டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சில்) பதிவுள்ள வேறொரு டாக்டர் நம் ரெக்கார்டைப் பார்த்துத் தரலாம். இது என்ஹெச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையின் வேலையில் சேராது, கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும். எங்கள் கிளினிக்கில் படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போதெல்லாம் "டாக்டர் மேசையில் இருக்கிறது" என்றார்கள். கடைசியில் "துப்பாக்கிக்கு நாங்கள் கையெழுத்துப் போடுவதில்லை" என்று திருப்பிக் கொடுத்தார்கள். மறுப்பது டாக்டரின் உரிமை, சரி. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா?

எனவே படிவத்தை நீட்டும் முன்பே "செய்வீர்களா, எவ்வளவு, எப்போது" என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்குங்கள். மறுத்தால் உங்கள் முழு மருத்துவ ரெக்கார்டை எழுதிக் கேளுங்கள். அதை இலவசமாகத் தருவது அவர்களுடைய சட்டக் கடமை. இதற்கென்றே தனியார் டாக்டர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் அனுப்பினால் வேலை முடியும். எனக்கு அப்படித்தான் முடிந்தது. பழைய டிப்ரஷனை மறைக்காதீர்கள். குணமான நோய் மட்டுமே மறுப்புக்குக் காரணமாகிவிடாது. மறைத்தது தெரிந்தால் ஆகும். காரை வேகமாக ஓட்டி வாங்கிய தண்டனையையும் எழுத வேண்டும். பார்க்கிங் அபராதம் மட்டும் வேண்டாம்.

நம் ஊர் லைசென்ஸ் பழக்கத்தில் இருப்பவர்கள் சறுக்குவது அடுத்த கேள்வியில்: துப்பாக்கி எதற்கு? தமிழ்நாட்டில் விண்ணப்பம் கலெக்டருக்கு, கமிஷனரேட் உள்ள நகரங்களில் போலீஸ் கமிஷனருக்குப் போகும். ஸ்டேஷன் விசாரித்து அறிக்கை தரும். தற்காப்புக்குக் கேட்டால் உயிருக்கு என்ன ஆபத்து என்று காட்ட வேண்டும். இங்கே "தற்காப்புக்கு" என்று எழுதினால் அது காரணமாகவே ஏற்கப்படாது, விண்ணப்பமும் ஆபத்தில் சிக்கும். விளையாட்டாக, காற்றில் எறியும் களிமண் தட்டைச் சுடுவது, வயலில் புறா சுடுவது போன்றவைதான் காரணம். கிளப் உறுப்பினர் அட்டை, நிலக்காரரின் அனுமதிக் கடிதம் இருந்தால் எடுத்து வையுங்கள். அமெரிக்காவில் பல மாநிலங்களில், துப்பாக்கிக் கடையிலேயே 4473 என்ற அரசுப் படிவத்தை நிரப்பிப் பின்னணிச் சோதனை முடிந்தால் போதும், எதற்கு என்று அரசாங்கம் கேட்பதில்லை. அந்த நினைப்போடு இங்கே பேசக் கூடாது.

2025 ஆகஸ்டிலிருந்து ஷாட்கனுக்கும் நம்மைப் பற்றி நற்சான்று சொல்ல இரண்டு பேர் வேண்டும், குடும்பத்தினர் ஆகாது. கட்டணம் 194 பவுண்டு. 2025 பிப்ரவரிக்கு முன் 79.50தான்.

லைசென்ஸ் தருவதே போலீஸ் என்பதால் வீட்டுக்கு வருவதும் அவர்கள் ஆள்தான். பெரும்பாலும் சீருடை இல்லாத சிவிலியன் ஊழியர், கையில் ஆயுதம் கிடையாது. நிதானமாகப் பேசுவார், ஆனால் பேச்சு முழுதும் விசாரணைதான். துப்பாக்கியைப் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி பிஎஸ் 7558 என்ற பிரிட்டிஷ் தரத்தில் இருக்கட்டும். செங்கல் சுவரில் உள்ளிருந்து போல்ட் போட்டு இறுக்குங்கள். பிளாஸ்டர்போர்டு (மெல்லிய ஜிப்சம் பலகை) சுவர் தாங்காது. எங்கள் வீட்டுக்கு வந்தவர் பெட்டிக் கதவைத் திறக்கச் சொல்லி, நான்கு போல்ட்டையும் விரலால் தொட்டுப் பார்த்து, மேல்விளிம்பைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பிறகு மனைவியிடம் தனியாக, "சாவி எங்கே இருக்கும்?" என்றார். "தெரியாது" என்பதுதான் சரியான பதில், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். சர்டிபிகேட் இல்லாத யார் கைக்கும், கட்டிய மனைவியே ஆனாலும், சாவி எட்டக் கூடாது.

மறுத்துவிட்டால் 21 நாளுக்குள் கிரௌன் கோர்ட்டில் அப்பீல் செய்யலாம்.

நம் ஊர் மாதிரி தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கும் வேலை இங்கே இல்லை. ஆனால் வாங்கினாலும் விற்றாலும் 7 நாளுக்குள் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். சர்டிபிகேட் 5 வருடம் செல்லும். காலாவதிக்கு 8 வாரம் முன்பே புதுப்பிக்கும் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், அவர்கள் தாமதித்தாலும் பழையது மேலும் 8 வாரம் வரை செல்லும். அப்படிச் சேராமல், புதியதும் கைக்கு வரவில்லை என்றால், காலாவதி நாளுக்கு முன்பே துப்பாக்கியைப் பதிவு பெற்ற டீலரிடம் கொண்டுபோய் வைத்துவிடுங்கள். அதற்குப் பிறகு வீட்டில் வைத்திருப்பது குற்றம்.