விண்ணப்பம் முதல் மூன்றாம் பட்டம் வரை: ஒரு வழக்கறிஞரின் ஃப்ரீமேசன் அனுபவம்

ஒழுக்கப் பாடங்களைச் சடங்குகள் வழியே கற்பிக்கும் பழைய அமைப்பு ஃப்ரீமேசன் சகோதரத்துவம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்யும் நான் அதில் பட்டங்கள் எனப்படும் மூன்று படிநிலைகளையும் கடந்தவன் என்பதை அறிந்த இளம் வழக்கறிஞர்கள் சிலர், அதில் சேரும் முறையைப் பற்றிக் கேட்கிறார்கள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் அடையாளக் குறிகளையும் சொற்களையும் வெளியிடுவதில்லை என்று உறுதியளித்திருக்கிறேன். மற்றவற்றை மறைப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

சேரும்படி நம்மை யாரும் வற்புறுத்துவதில்லை. விருப்பத்தை நாமே தெரிவிக்க வேண்டும். உறுப்பினர் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழிய வேண்டும். இறைவன் ஒருவன் உண்டு என்ற நம்பிக்கை கட்டாயம்; எந்த மதம் என்பது பொருட்டல்ல. என்னை முன்மொழிந்தவர் என் சீனியர். விண்ணப்பத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அவர் ஒரு நிபந்தனை விதித்தார்: லாட்ஜில், அதாவது உறுப்பினர்கள் கூடும் கிளைச் சபையில், ஏற்படும் பழக்கத்தைக் கொண்டு ஒரு வக்காலத்துகூட வாங்கக் கூடாது. பிறகு உறுப்பினர்கள் சிலர் வீட்டுக்கு வந்து என் மனைவியிடமும் பேசினார்கள். சந்தாவும் நன்கொடையும் குடும்பத்துக்குச் சுமையாகிவிடக் கூடாது என்பதில் அவர்கள் காட்டிய அக்கறையை நான் எதிர்பார்க்கவில்லை. அதன் பின் சம்மதத்துக்கு வெள்ளை, மறுப்புக்குக் கருப்பு என்று சிறு உருண்டைகளால் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது.

எனக்கிருந்த பெரிய தயக்கம் உறுதிமொழியைப் பற்றியது. வாசகத்தை முன்கூட்டியே படித்துப் பார்க்காமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள் என்று கட்சிக்காரர்களுக்கு நாள்தோறும் சொல்லும் நான், முழு வாசகமும் தெரியாத ஓர் உறுதிமொழியை எப்படி எடுப்பது என்று சீனியரிடம் கேட்டேன். சடங்கிலேயே அதற்கு விடை உண்டு என்றார். அவர் சொன்னபடியே, மதத்துக்கோ ஒழுக்கத்துக்கோ குடிமகனின் கடமைக்கோ முரணான எதுவும் அதில் இல்லை என்று முதலில் தெரிவித்து, சம்மதம் கேட்ட பிறகே உறுதிமொழியைத் தொடங்கினார்கள். கீதையின் மீது கை வைத்து அதை எடுத்துக்கொண்டேன். அதே பீடத்தில் குர்ஆனும் பைபிளும் இருந்தன. நீதிமன்றத்தில் சாட்சிகள் சத்தியப் பிரமாணத்தை மளமளவென்று ஒப்பிப்பதைக் கேட்டுப் பழகிய எனக்கு, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, உணர்ந்து சொன்ன அந்த அனுபவம் புதிது. பணமோ உலோகப் பொருளோ இல்லாமல் நுழைய வேண்டும் என்பதும் அன்றைய விதி. கொடுக்க ஏதுமில்லாமல் நிற்பவனின் நிலையை அப்படித்தான் உணர்த்துகிறார்கள்.

முதல் பட்டத்தில் அடையாளமாகத் தரப்படும் கற்கொத்தர் கருவிகளில் ஒன்று 24 அங்குல அளவுகோல். ஒரு நாளின் 24 மணி நேரத்தைப் பிரார்த்தனைக்கும் உழைப்புக்கும் ஓய்வுக்கும், துன்பத்தில் இருக்கும் நண்பருக்கு உதவுவதற்கும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். கேஸ் கட்டுகளுக்கு நடுவே இரவு முழுவதையும் கழிக்கும் நம் தொழிலில் இதைவிட அவசியமான பாடம் வேறில்லை என்று உறுதியாக நம்புகிறேன்.

அடுத்த பட்டத்துக்குச் செல்லும் முன் சபையில் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தாளைப் பார்க்காமல் பதில் சொல்ல வேண்டும். பயிற்சிக் கூட்டங்களில் மூத்த சகோதரர்கள் ஒவ்வொரு வரியாகத் திருத்துவார்கள். பொருளை வைத்துக்கொண்டு நம் விருப்பப்படி சொற்களை மாற்றுவது அங்கே செல்லாது. கலைகளையும் அறிவியலையும் கற்கச் சொல்லும் இரண்டாம் பட்டம் எனக்கு விரைவாகவே முடிந்தது.

மூன்றாம் பட்டம்தான் என்னை ஆழமாகத் தொட்டது. சாலமன் மன்னரின் ஆலயத்தைக் கட்டிய தலைமைச் சிற்பி ஹிராம் அபிஃப், தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட ரகசியத்தை வெளியிட மறுத்து உயிர் துறந்த கதையை அது மையமாகக் கொண்டது. கட்சிக்காரர் நம்பிச் சொன்னதை அவர் சம்மதமின்றி வெளியிடக் கூடாது என்பதை இன்றைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 132ஆம் பிரிவு சட்டமாகச் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தில் அது 126ஆம் பிரிவாக இருந்தபோது தேர்வுக்காகப் படித்தேன். எதற்காக ஒருவர் அந்தக் கடமையைத் தன் உயிரினும் மேலாகக் கருதக்கூடும் என்பதை அன்று இரவுதான் உணர்ந்தேன்.

நம் மண்ணுக்கு இது புதியதும் அல்ல. ஆற்காடு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசன் ஆனார். இந்திய லாட்ஜ்களுக்கான தலைமை அமைப்பான இந்திய கிராண்ட் லாட்ஜ் 1961இல் உருவானது. நம் தொழிலின் முன்னோடிகளில் மோதிலால் நேருவும் ஒரு ஃப்ரீமேசன்.

மதமும் அரசியலும் லாட்ஜில் பேசக் கூடாதவை. அதனால் பகலில் எனக்கு எதிராகக் கடுமையாக வாதாடியவர் மாலையில் எழும்பூரில் உள்ள ஃப்ரீமேசன் மண்டபத்தில் என் பக்கத்தில் அமர்ந்து உணவருந்துவார். வழக்கைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. சேர விரும்புவோர் அறிமுகமான உறுப்பினர் ஒருவரிடம் நேரடியாகக் கேளுங்கள். பதில் வரச் சில மாதங்கள் ஆகலாம். சேர்ந்த பிறகு கூட்ட நாள் மாலைகளில் வேறு எந்தக் கன்சல்டேஷனும் வைத்துக்கொள்ளாதீர்கள்.