காக்கா தாத்தா ஆன கதை

நாலு வயது முடிந்தும் என் மகனுக்குக் 'க' வரவில்லை. கத்தரிக்காய் அவனுக்குத் 'தத்தரித்தாய்'. மதிலில் காக்கா வந்து உட்கார்ந்தால் "தாத்தா, தாத்தா" என்று கையை நீட்டுவான். திண்ணையிலிருந்து என் மாமனார் எழுந்து வருவார்.

ஆச்சி வசம்பு உரைத்து நாக்கில் தடவச் சொன்னார்கள். எதிர்வீட்டில் நாக்குக்கு அடியில் வெட்டிவிடச் சொன்னார்கள். நல்லவேளை, இரண்டையும் செய்யவில்லை. 'க' சொல்ல அடிநாக்கு எழும்பி மேலே தொட வேண்டும். இவனோ நுனிநாக்கைப் பல்லில் ஒட்டிக்கொண்டிருந்தான். வெட்டி என்ன ஆகப்போகிறது?

அம்பாசமுத்திரத்திலிருந்து விடியற்காலை பஸ் பிடித்துத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் பேச்சுப் பயிற்சி கேட்டுப் போனோம். ஒன்றரை மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, "காது பரிசோதனை ரிப்போர்ட் எங்கே?" என்றார் சீட்டு எழுதுபவர். பக்கத்து அறையில் மிட்டாய் பிரித்தால் ஓடிவருகிற பிள்ளை ஐயா இவன் என்றேன். அவர் தலை நிமிரவில்லை. "அது செவ்வாய், வியாழன்தான்." அன்று புதன். முந்தின நாள் போனில் கேட்டபோதே இதைச் சொல்லியிருந்தால் என்ன?

அடுத்த வியாழன் போனால் பிள்ளைக்குச் சளி. நடுக்காதில் நீர் கோத்திருந்தால் முடிவு தப்பாக வரும், குணமானதும் வாருங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்றாம் நடையில் காதுக் குறும்பியை எடுத்துப் பரிசோதித்தார்கள், குறை ஒன்றுமில்லை. லேசான மந்தம் இருந்தால்கூடச் சில ஒலிகள் பிள்ளைக்குத் தெளிவாக விழாதாம். ஆக, ரிப்போர்ட் கேட்டது நியாயம்தான். கேட்ட விதம்தான் இன்னும் எரிகிறது.

பயிற்சி அறையில் இவன் வாயே திறக்கவில்லை. சாப்பிடும்போது வளவளத்ததை என் கணவர் போனில் எடுத்து வைத்திருந்தார்; அதுதான் காப்பாற்றியது. நீங்களும் இரண்டு நிமிடம் பதிவு செய்துகொண்டு போங்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்து, ஐஸ் குச்சியால் நுனிநாக்கை அழுத்திப் பிடித்து, 'க்' சொல்லவைத்தார்கள். வீட்டில் வாய் கொப்பளிப்பதே விளையாட்டானது. பிறகு காய், தாய் என்று படம் காட்டி மாற்றி மாற்றிச் சொல்லவைத்தோம். 'ர', 'ழ' பற்றிக் கேட்டேன். அதற்கு ஐந்து, ஆறு வயதுகூட ஆகலாம், இப்போது தொடாதீர்கள் என்றார்கள். "சொல்லு, சொல்லு" என்று விரட்டவும் கூடாது. நாம் சரியாகத் திருப்பிச் சொன்னால் போதும்.

ஆறாவது வாரம் மதிலைப் பார்த்து "காக்கா" என்றான். அடுப்பில் பால் பொங்கி வழிய ஓடிவந்தேன். அன்று சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பிய மாமனாரின் காலைக் கட்டிக்கொண்டு, அதே உற்சாகத்தோடு கூப்பிட்டான்: "காக்கா!"