லூர்து மாதா முன்னால் ஒரு பாடம்

வேளாங்கண்ணியில் மாதாவைக் கும்பிட்டுவிட்டு, நாகப்பட்டினம் வழியாகத் திருச்சிக்கு வந்தேன். அப்பா படித்த பள்ளியைப் பார்க்காமல் ஊர் திரும்ப மனம் வரவில்லை. அந்தப் பள்ளி வந்த வழியும் இதுதான். 1844இல் சேசு சபைக் குருக்கள் நாகப்பட்டினத்தில் தொடங்கி, 1883இல் திருச்சிக்குக் கொண்டு வந்தார்கள். முதலில் பள்ளியும் கல்லூரியும் ஒன்றுதான். இன்றைக்கும் பள்ளியின் பெயர் ‘தூய வளனார் கல்லூரி மேல்நிலைப்பள்ளி’. ஊர்க்காரர்களுக்கு ஜோசப் ஸ்கூல். அப்துல் கலாம் 1950இல் வந்து சேர்ந்ததும் இந்தக் கல்லூரியில்தான்.

மெயின்கார்டு கேட்டைத் தாண்டும்போதே, பள்ளி வளாகத்தில் இருக்கும் லூர்து மாதா கோவிலின் கோபுரம் தெரிந்துவிட்டது. ஒரு பக்கம் மலைக்கோட்டை, உச்சியில் பிள்ளையார். இந்தப் பக்கம் ஊசி போல் உயர்ந்த கோபுரம். தெப்பக்குளக் கடைவீதியின் இரைச்சல் கோவில் வாசலோடு நின்றுவிடுகிறது. உள்ளே கூர்மையான வளைவுகள், உயரமான தூண்கள். வண்ணக் கண்ணாடி வழியாக வந்த வெயில் சிவப்பும் நீலமுமாகத் தரையில் கிடந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்திருந்தேன். அந்த நீலத்தில் பாதம் பட்டபோது ஏனோ கண் கலங்கியது. அப்பாவும் இதே தரையில் முழங்காலிட்டிருப்பார்.

பிரான்சில் இருக்கும் லூர்து பேராலயத்தை மனத்தில் வைத்து 1890களில் எழுப்பிய கோவில் இது. அந்த லூர்து நகரில், 1858 பிப்ரவரி 11 அன்று, விறகு பொறுக்கப் போன 14 வயது பெர்னதெத்துக்கு மாதா காட்சி கொடுத்தார். மாவுமில் நடத்தி நொடித்துப்போன குடும்பம். பிள்ளைக்கு எழுதப் படிக்கத் தெரியாது, மறைக்கல்விப் பாடமும் மனத்தில் நிற்காது. மார்ச் 25 அன்று மாதா தம் பெயரைச் சொன்னார்: “நாமே அமல உற்பவம்.” ஜென்மப் பாவம் இல்லாமல் கருவில் உருவானவர் என்று அர்த்தம். அவளுக்குப் பொருள் புரியாத அந்தச் சொற்கள் மறந்துவிடக் கூடாதே என்று, பங்குச் சாமியார் வீடுவரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நடந்தாளாம்.

எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையைத் தேடி வந்த தாய்க்கு, பள்ளிக்கூடத்துக்குள்ளேயே கோவில்! நம்முடைய பிள்ளைகளை அந்தத் தாயைவிட யார் நன்றாகப் புரிந்துகொள்ளப் போகிறார்கள்? இதை நான் மனதார நம்புகிறேன்.

மெழுகுதிரி ஏற்றிவிட்டுத் திரும்பினால், பக்கத்தில் சீருடையில் ஒரு பையன். நெற்றியில் திருநீறு. ஓரம் நசுங்கிய ஜியாமெட்ரி பாக்ஸை மாதாவின் பாதத்துக்கு நேராகத் தரையில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஜெபம் சொல்கிறான் என்று நினைத்தேன். காது கொடுத்தால், ஏதோ தேற்றம். பாதியில் தடுமாறி, “இரு இரு, மறுபடி சொல்றேன்” என்று மாதாவிடமே சொல்லிவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தான்.

அவன் முடிக்கும்வரை நானும் முழங்காலிலேயே இருந்தேன்.