மழைக்குத்தான், ஐயா

அமெரிக்காவில் ட்ரேவான் மார்ட்டின் என்ற கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்ற ஜார்ஜ் ஸிம்மர்மேனின் வழக்கைப் பற்றி நண்பரோடு மறுபடியும் வாக்குவாதம். "ஜூரியே விடுவித்துவிட்டது, இன்னும் என்ன?" என்கிறார்.

விடுவித்தது, 2013 ஜூலையில். ஆறு பெண்கள் கொண்ட ஜூரி. அவர்கள் முக்கியமாக எடைபோட்டது கடைசிக் கைகலப்பை. எனக்கு உறுத்துவது அதற்கு முந்தைய சில நிமிடங்கள்.

ஃப்ளோரிடாவின் சான்ஃபோர்டு, 2012 பிப்ரவரி 26, மழை. 17 வயது ட்ரேவான் மார்ட்டின் கடையில் ஸ்கிட்டில்ஸ் மிட்டாயும் பழச்சாறு டின்னும் வாங்கித் திரும்புகிறான். குடியிருப்புக் காவல் தன்னார்வலரான ஸிம்மர்மேனோ காரிலிருந்து போலீஸை அழைக்கிறார். பின்தொடர்கிறீர்களா? ஆம். அது தேவையில்லை என்று மறுமுனை சொன்னது ஒலிப்பதிவிலேயே இருக்கிறது. கைதுக்கே ஒன்றரை மாதம் பிடித்தது.

நண்பர் விடவில்லை. பையன் ஏன் தலையை மூடிய சட்டையோடு நடந்தான் என்கிறார்.

மழை ஐயா, மழை.