"உக்காரு"ன்னா யாரை?

நம்ம ஊர் வீட்டுக் கூடத்தில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை "உக்காரு" விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். வந்தவருக்கு "உக்காருங்க", படிக்காமல் சுற்றும் பையனுக்கு "ஒரு எடத்துல உக்காருடா", வெயிலில் நடந்து வந்த தாத்தாவுக்கு "செத்த உக்காந்து தண்ணி குடிங்க". மூலையில் கோணி மேல் படுத்திருக்கும் 2 மாத நாய்க்குட்டியும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. அந்தச் சத்தத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதை ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டுவிடும். அதன் பிறகு குட்டி எதிரே நின்று "உக்காரு, உக்காரு, டேய் உக்காருடா" என்றால், அதற்கு மின்விசிறி சத்தமும் உங்கள் சத்தமும் ஒன்றுதான்.

அதனால் "சிட்" என்று பழக்குகிறவர்களைப் பார்த்து ஆங்கில மோகம் என்று சிரிக்க வேண்டாம். வீட்டில் வேறு யாரிடமும் சொல்லாத ஒரு ஓசை, அவ்வளவுதான் அதன் பெருமை. தமிழிலேயே பழக்க ஆசை என்றால் தாராளமாகப் பழக்கலாம், ஆனால் சொற்களை ஒன்றுக்கொன்று தூரமாக எடுங்கள். "படு", "விடு", "இரு" மூன்றும் ஒரே மாதிரி முடிகின்றன; அவசரத்தில் சொன்னால் மனுசனுக்கே குழம்பும். படுக்க "படு" என்று வைத்தால், கிடப்பதைத் தொடாமல் விட "லீவ்", அசையாமல் இருக்க "ஸ்டே" என்று பிரித்துக்கொள்ளலாம். நம்ம வேலூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே வீட்டில் பாட்டி தெலுங்கில் "கூர்ச்சோ" என்பார், பேரன் "சிட்" என்பான், அடுத்த வீட்டு உருதுக்கார நண்பன் வந்தால் "பைட்" என்பான். குட்டிக்கு மூன்று மொழியும் வரும், ஆனால் மூன்று மடங்கு நாளாகும். 5 சொல், அதற்கான கைசாடை, இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். சமைக்க வரும் அக்கா உட்பட எல்லாருக்கும் அது பொருந்தும்.

"தோ தோ" பற்றி ஒரு வார்த்தை. நாயைக் கூப்பிட இதைவிட நல்ல ஓசை கிடையாது; மனுசரை அப்படி யாரும் கூப்பிடுவதில்லை, உற்சாகமான குரல் அதில் தானாகவே வந்துவிடும். ஒரே குறை, தெருவில் எல்லாரும் எல்லா நாயையும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். யார் கூப்பிட்டாலும் போகிற நாய் வேண்டாம் என்றால் வீட்டுக்கென்று வேறு ஒரு சொல் வையுங்கள்.

இனி பழக்கம். எல்லாரும் தலைகீழாகச் செய்வது ஒன்று உண்டு: முதலில் சொல், பிறகு செயல். குட்டிக்கு அந்தச் சொல்லுக்கு அர்த்தமே தெரியாத நேரத்தில் அதைப் பத்து தடவை சொன்னால், "பத்தாவது தடவைதான் உட்கார வேண்டும்" என்று அது கற்கிறது. முதலில் செயலை வாய் பேசாமல் வரவழையுங்கள். 10 தடவையில் 8 தடவை கைசாடைக்கே பின்புறம் தரையைத் தொடுகிறது என்றான பிறகுதான் சொல்லை மேலே ஏற்ற வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு சின்ன வேலை. குட்டி சரியாகச் செய்த அந்தக் கணத்தைப் பிடித்துக் காட்ட ஒரு குறி வேண்டும். நாக்கை அண்ணத்தில் தட்டி "டொக்" என்று ஒரு சத்தம் போதும், அல்லது சுருக்கமாக "எஸ்". உட்கார்ந்திருக்கும் குட்டியிடம் "டொக்", உடனே ஒரு துண்டு தீனி. இப்படி 15 தடவை, 2 நாள். சத்தம் கேட்டதும் உங்கள் கையைப் பார்க்கத் தொடங்கினால் குறி பதிந்துவிட்டது என்று அர்த்தம். இனி குறி சரியான நொடியில் விழ வேண்டும், தீனி அடுத்த ஒன்றிரண்டு நொடியில் வாய்க்குப் போக வேண்டும். தாமதமானால் குட்டி எழுந்து நின்றபின் தீனி கிடைக்கும், அது எழுந்து நிற்பதற்குக் கிடைத்த கூலியாகிவிடும்.

தீனி என்றால் பிஸ்கட் இல்லை. உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி, பட்டாணி அளவு துண்டுகள். 3 கிலோ குட்டிக்கு ஒரு நாளைக்கு 25 கிராம் போதும். ஐம்பது துண்டு தேறும். அந்த அளவுக்குச் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோழி வேண்டாதவர்கள் அவித்த முட்டை வெள்ளைக்கருவோ, அது வழக்கமாகத் தின்னும் உலர்தீனி உருண்டையையோ எடுக்கலாம். மே மாதத்தில் வெந்த கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். பாயசத்தில் இருந்து எடுத்த திராட்சையை "ஒண்ணே ஒண்ணுதான்" என்று போடுகிற கைகளைக் கவனியுங்கள். திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம்.

உட்காரப் பழக்கும்போது கை எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம். துண்டைக் கட்டைவிரலுக்கும் இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்து, குட்டியின் மூக்கு நுனியில் ஒட்டினாற்போல் வையுங்கள். அது நக்கத் தொடங்கட்டும். அப்படியே மெல்ல, நெற்றிக்கு மேலாக, இரண்டு காதுக்கும் நடுவே பின்னோக்கி நகர்த்துங்கள். தலைக்கு மேல் ஒரு விரற்கடை உயரம், அதற்கு மேல் வேண்டாம். மூக்கு மேலே போகப் போகப் பின்புறம் தானாக இறங்கும். தரையைத் தொட்ட நொடியில் "டொக்". குட்டி எகிறினால் கை உயரமாக இருக்கிறது. பின்னாலேயே நடந்து போனால் கை வேகமாக நகர்கிறது. சுவர் மூலையில் நிறுத்திச் செய்யுங்கள், பின்னால் போக இடம் இருக்காது. கால் அகன்று வழுக்கினால் தப்பு உங்கள் டைல்ஸ் மேல். கோணிச் சாக்கோ ரப்பர் பாயோ விரித்துப் பாருங்கள், அரை நாளில் வித்தியாசம் தெரியும். இடுப்பை அழுத்தி உட்கார வைப்பது மட்டும் கூடாது. அழுத்தினால் எதிர்த்துத் தள்ளுவது நாயின் இயல்பு, வளரும் மூட்டுக்கும் அது நல்லதில்லை.

மூன்றாம் நாள் கையில் தீனி இல்லாமல் அதே அசைவு. தீனி மறு கையில், முதுகுக்குப் பின்னால். இதை விட்டுவிட்டால், தீனி கண்ணில் பட்டால்தான் உட்காரும் நாய் உருவாகும். அதற்கப்புறம் சொல்: முதலில் "சிட்", ஒரு நொடி இடைவெளி, பிறகு கை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தால் குட்டி கையை மட்டும் பார்க்கும், காது வேலை செய்யாது. சொல் ஒரே தடவைதான். செய்யவில்லையா, வாயை மூடிக்கொண்டு கையைக் காட்டுங்கள்.

ஒரு பாடம் 3 முதல் 5 நிமிடம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன்னால், வயிறு காலியாக இருக்கும்போது. கத்திரி வெயில் நாளில் காலை 7 மணிக்குள் ஒன்று, இருட்டிய பிறகு இரண்டு. மொட்டை மாடி காலியாக இருக்கிறதே என்று சாயங்காலம் 5 மணிக்கு அங்கே கூட்டிப்போகிறார்கள். பகல் முழுக்கக் காய்ந்த தளம் அப்போதும் கொதித்துக்கொண்டிருக்கும். புறங்கையைத் தரையில் 7 நொடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் குட்டியின் பாதத்தாலும் முடியாது. நாய்க்கு உடம்பெல்லாம் வேர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நாக்கு அகலமாகத் தொங்கி, கவனம் சிதறினால் அது பிடிவாதம் இல்லை. பாடத்தை நிறுத்தித் தண்ணீர் வையுங்கள்.

படுக்க வைப்பதற்கு வெயிலே உதவி செய்யும். மதியம் குட்டி தானாகவே குளிர்ந்த மொசைக் தரையைத் தேடிப் போய் வயிற்றை ஒட்டிப் படுக்கும். அந்த நேரம் பார்த்து "டொக்", துண்டு முன்னங்காலுக்கு நடுவில். நான்கைந்து நாள் பிடித்தாலே பாதி வேலை முடியும். இல்லையென்றால், உட்கார்ந்த நிலையில் மூக்கிலிருந்து நேர் கீழே தரைக்குத் துண்டை இறக்கி, பிறகு தரையோடு மெல்ல முன்னால் இழுங்கள். முழங்கை தரையைத் தொட வேண்டும். பின்புறம் தூக்கினால் முன்னால் இழுத்தது அதிகம்.

கூப்பிட்டால் வருவதுதான் எல்லாவற்றிலும் பெரிது, எல்லாரும் கெடுப்பதும் அதைத்தான். கூப்பிட்டுக் குளிக்க வைப்பது, கூப்பிட்டுச் சங்கிலியில் கட்டுவது, கூப்பிட்டு "செருப்பை யார் கடிச்சது?" என்று விசாரிப்பது. நான்கு தடவை இப்படி ஆனால் "வா" என்பது ஓடிப்போவதற்கான சொல்லாகிவிடும். இந்த வேலைகளுக்கு நீங்களே போய்த் தூக்கிக்கொண்டு வாருங்கள். பழக்க இரண்டு பேர் வேண்டும். கூடத்தில் 5 அடி இடைவெளி, மாறி மாறிக் கூப்பிட வேண்டும், வந்ததும் முதலில் கழுத்துப்பட்டையைப் பிடித்து, பிறகு தீனி. பட்டையைப் பிடிக்காமல் தீனி கொடுத்துப் பழக்கினால், வாங்கிக்கொண்டு கை எட்டாத தூரத்துக்கு நழுவும். 5 அடி 10 ஆகட்டும், பிறகு கூடத்திலிருந்து சமையலறை, பிறகு 5 மீட்டர் பருத்திக் கயிற்றோடு வாசல். நைலான் கயிறு வெடுக்கென்று ஓடும்போது உள்ளங்கையைச் சீவிவிடும். வராது என்று மனதுக்குப் பட்டால் கூப்பிடவே வேண்டாம், கயிற்றை மிதித்துக்கொண்டு அருகே போங்கள்.

பாலாற்று மணலில் அவிழ்த்துவிட்டு ஓடவிடும் ஆசை எல்லாருக்கும் வரும். அங்கே மாடு, ஆடு, தெருநாய்க் கூட்டம், கறிக்கழிவு எல்லாம் உண்டு. கயிறு இல்லாமல் வேண்டாம், தடுப்பூசி முடியும் முன் அந்தப் பக்கமே வேண்டாம்.

"ஸ்டே" பழக்கும்போது நேரம், தூரம், கவனச்சிதறல் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் கூட்ட வேண்டும். எதிரிலேயே நின்று 1 நொடி, 3, 5, 10 என்று நேரத்தை ஏற்றுங்கள். ஓரடி பின்னால் போகத் தொடங்கும்போது நேரத்தை மறுபடி 1 நொடிக்கு இறக்குங்கள். நீங்கள் திரும்பிப் போய் அது இருக்கும் இடத்திலேயே தீனி கொடுக்க வேண்டும். தூரத்திலிருந்து கூப்பிட்டுக் கொடுத்தால் எழுந்து ஓடி வருவதற்குக் கூலி கொடுத்ததாகும். முடிந்தது என்று சொல்ல ஒரு சொல் வேண்டும். அது "சரி"யாக இருக்கக் கூடாது. கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு போனில் "சரி சரி, வரேன்" என்பீர்கள், குட்டி தெருவில் நிற்கும்.

"லீவ்" நம்ம பக்கத்துக்கு மிக அவசியம். ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருமுனையில் பிரியாணி எலும்பு கிடக்காத இடம் இல்லை. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் வீட்டில் தோல் துண்டுகள் சும்மா கிடக்கும், கடிக்கட்டும் என்று போடுகிறார்கள். குரோம் போட்டுப் பதனிட்ட தோல் அது, கடிக்கக் கொடுக்கும் பொருளே இல்லை. பழக்குவது எளிது. துண்டை உள்ளங்கையில் வைத்து விரலை மூடி, முட்டியைக் குட்டியின் மூக்குக்கு முன் நீட்டுங்கள். அது நக்கும், காலால் பிறாண்டும், பால்பல்லால் விரலிடுக்கைக் கடிக்கும். கையை ஆட்டாதீர்கள், பேசாதீர்கள். அரை நிமிடம் கழித்துச் சலித்து முகத்தைத் திருப்பும். அந்தக் கணம் "டொக்", தீனி மறு கையிலிருந்து. மூடிய கையில் இருப்பது எப்போதும் அதற்குக் கிடைக்கக் கூடாது. பிறகு திறந்த உள்ளங்கை, பிறகு தரையில் வைத்து உங்கள் பாதத்தால் மூடுவது, கடைசியில் நடக்கும் வழியில். எதையாவது கவ்விவிட்டால் துரத்தக் கூடாது. துரத்துவது அதற்கு விளையாட்டு. எலும்போடு ஓடும் குட்டி அவசரத்தில் விழுங்கிவிடும். வேறு நல்ல தீனியைக் காட்டி மாற்றிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியையும் பழக்கத்தையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பார்வோ உள்ளிட்ட நோய்களுக்கான கலவை ஊசி 6–8 வாரத்தில் தொடங்கி, 3–4 வார இடைவெளியில், 16 வாரம் வரை போகும். அதுவரை தெருத்தரையில் கால் படக் கூடாது. ஆனால் குட்டி உலகத்துக்குப் பழகும் காலமும் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரைதான். அதனால் தூக்கிக்கொண்டு போங்கள்: காட்பாடி ரயில் சத்தம், ஆட்டோ ஹாரன், குக்கர் விசில் எல்லாவற்றோடும் ஒரு துண்டு கறி. மயானக் கொள்ளை மேளமும் எருது விடும் விழாக் கூட்டமும் இந்த வயதுக்கு வேண்டாம், அந்த நாட்களில் உள்ளறைதான் சரி.

கை, கால், தாவணி நுனி எல்லாவற்றையும் கடிக்கும். பல் மாறி முடியும்போது குட்டிக்கு 6–7 மாத வயது ஆகியிருக்கும். கடித்ததும் கையை வெடுக்கென்று இழுத்தால் துரத்திக் கடிக்கும். ஒரு கணம் அசையாமல் இருந்து, பிறகு எழுந்து அரை நிமிடம் வேறு அறைக்குப் போய்விடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்த கேரட்டோ, நனைத்துச் சுருட்டி உறையவைத்த துணியோ ஈறுக்கு இதம். நீங்கள் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளும்போது மட்டும். ரோல் செய்த பேப்பரால் அடிப்பது, மூக்கை மூத்திரத்தில் தேய்ப்பது இரண்டும் குட்டிக்குச் சொல்லித்தருவது ஒன்றைத்தான்: உங்கள் கண்ணில் படாமல் கட்டிலுக்கு அடியில் போ.

பல் பட்டு ரத்தம் வந்தால், தோல் கீறினால்கூட, வீட்டுக் குட்டிதானே என்று மஞ்சளை அப்பாதீர்கள். வெறிநோய் ஊசி குட்டிக்குப் பொதுவாக 3 மாதத்தில்தான் போடுகிறார்கள். சோப்பு போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

6 முதல் 10 மாதத்துக்குள் ஒரு நாள் கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன் வழியில் போகும். கற்றது மறந்துபோகவில்லை, வயசு அது. பருத்திக் கயிற்றை மறுபடி எடுங்கள், 5 அடியிலிருந்து, கோழித் துண்டோடு.