ஊசி போடுவதற்கு முன் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள்

இன்சுலின் எத்தனை யூனிட் என்று தூக்கத்தில் கேட்டாலும் பலர் சரியாகச் சொல்வார்கள். போடும் இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டால் யோசிப்பார்கள். அளவு மாறவில்லை, சாப்பாடும் மாறவில்லை, ஆனாலும் சர்க்கரை ஒரு நாள் 300, மறுநாள் 60 என்று காரணமில்லாமல் ஏறி இறங்குகிறதா? முதலில் ஊசி போடும் வயிற்றுப் பகுதியைத் தடவிப் பாருங்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இன்சுலின் இறங்கினால் தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு தடித்துப்போகும். மருத்துவர்கள் இதை லிப்போஹைப்பர்ட்ரோபி என்பார்கள். கொழுப்பு செல்களை வளர்ப்பது இன்சுலினின் இயல்பு. அதோடு ஒரே ஊசியைப் பல முறை பயன்படுத்தும் பழக்கமும் சேர்ந்தால் தடிப்பு இன்னும் சீக்கிரம் வரும். கண்ணால் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. கையில் கொஞ்சம் லோஷனோ சோப்பு நுரையோ எடுத்துக்கொண்டு, விரல் நுனிகளால் மெல்ல அழுத்தியபடி வட்டமாகத் தடவுங்கள். மற்ற இடமெல்லாம் மெத்தென்று இருக்க, ஓரிடம் மட்டும் ரப்பர் மாதிரி தட்டுப்பட்டால் அதுதான்.

தடித்த இடத்தில் ஊசி அவ்வளவாக வலிக்காது. அதனால் கை தன்னையறியாமல் அங்கேயே போகும். ஆனால் அங்கே போட்ட மருந்து எப்போது, எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்று கணக்கிட முடியாது.

இதைத் தெரிந்துகொண்டதும் அவசரப்பட்டு இடத்தை மாற்றி, பழைய அளவையே போட்டுவிடக் கூடாது. தடிப்பில்லாத நல்ல இடத்தில் போட்டால் அதே யூனிட் முழுதாக வேலை செய்து சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடலாம். மருத்துவரிடம் சொல்லி, தேவைப்பட்டால் அளவைக் குறைத்துக்கொண்டு, சில நாட்கள் வழக்கத்தைவிட அடிக்கடி சர்க்கரையைப் பார்க்க வேண்டும். தடிப்பு உள்ள இடத்துக்கு முழு ஓய்வு கொடுங்கள். கரைவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

இடம் மாற்றுவதற்கும் ஓர் ஒழுங்கு வேண்டும். வயிற்றை மனத்துக்குள் நான்கு பாகமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாகம் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குள்ளும் ஒவ்வொரு முறையும் ஒரு விரல் அகலம் தள்ளிப் போடுங்கள். தொப்புளைச் சுற்றி 5 செ.மீ. விட்டுவிடுங்கள். தழும்பு, மச்சம், சிவந்த இடம் எதுவும் வேண்டாம். காலையில் வயிறு என்றால் தினமும் காலையில் வயிறுதான். இன்று வயிறு, நாளை தொடை என்று மாற்றினால், வழக்கமான மனித இன்சுலின் வயிற்றில் வேகமாகவும் தொடையில் மெதுவாகவும் உறிஞ்சப்படுவதால் கணக்கு குழம்பும்.

ஊசி நீளமாக இருந்தால்தான் மருந்து சேரும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒல்லியோ பருமனோ, பெரியவர்களுக்குத் தோலின் தடிமன் ஏறத்தாழ 2 மி.மீ.தான். அதனால் இன்சுலின் பேனாவில் (பேனா வடிவ ஊசிக் கருவி) மாட்டும் 4 மி.மீ. ஊசி பெரும்பாலோருக்குப் போதும், நேராகக் குத்தலாம். நீள ஊசி தசைக்குள் போனால் மருந்து வேகமாகச் சேர்ந்து சர்க்கரை திடீரென இறங்கும்.

பேனாவில் புது ஊசியைப் பொருத்தியதும் முனையை மேலே பிடித்து 2 யூனிட் வெளியேற்றிப் பாருங்கள். சொட்டு வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். இயல்பிலேயே கலங்கலாக இருக்கும் வகை இன்சுலின் என்றால் அதற்கும் முன்பே பேனாவைக் கைகளுக்கிடையில் 10 முறை உருட்டி, 10 முறை மேலும் கீழும் சாய்க்க வேண்டும். குலுக்கக் கூடாது. ஸ்பிரிட் தடவியிருந்தால் அது காயும்வரை பொறுங்கள், ஈரத்தோடு குத்தினால் எரியும். பொத்தானை முழுதாக அழுத்தி 10 எண்ணிய பிறகே ஊசியை எடுங்கள். எடுத்ததும் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் மருந்து கசியும், காற்றும் உள்ளே போகும். ஊசியை மாற்றினாலும் ஒருவர் பேனாவை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது, ரத்தம் உள்ளே ஏறியிருக்கலாம்.

சிரிஞ்ச் பயன்படுத்துவோர் ஒரு மி.லி.யில் எத்தனை யூனிட் என்று பார்த்து, குப்பியில் 40 என்று இருந்தால் 40 சிரிஞ்ச், 100 என்றால் 100 சிரிஞ்ச் என்று பொருத்தம் பார்க்க வேண்டும். மாறினால் அளவு இரண்டரை மடங்கு தவறிப்போகும்.

ரத்தம் உறையாமலிருக்கப் போடும் இனாக்ஸபரினுக்கு வழக்கம் வேறு. தோலை மடிப்பாகப் பிடித்து, ஊசியை எடுக்கும்வரை விடக் கூடாது. முழு அளவு போடுவதாக இருந்தால், நிரப்பி வரும் சிரிஞ்சிலுள்ள காற்றுக்குமிழை வெளியேற்ற வேண்டாம். போட்ட பிறகு தேய்த்தால் ரத்தம் கன்றிப்போகும்.

திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். உறைந்துபோனதைத் தூக்கிப் போடுங்கள். திறந்தது எத்தனை நாள் தாங்கும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பலவற்றுக்கு 28 நாள். உள்ளிருக்கும் தாளைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் சில்லென்றே போட்டால் வலிக்கும்.

ஊசி போட்ட இடத்தில் சிவப்பு பரவினாலோ, சூடாகி வலி கூடினாலோ, சீழ் வந்தாலோ மருத்துவரைப் பாருங்கள். உதடு, முகம் வீங்கி மூச்சுத் திணறினால் உடனே அவசரச் சிகிச்சைக்குப் போக வேண்டும். பயன்படுத்திய ஊசியைக் குப்பைக் கூடையில் போடாமல், குத்தினாலும் துளையாத தடித்த பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, முக்கால் பாகம் நிரம்பியதும் மூடி, மருத்துவமனையிலோ மருந்தகத்திலோ வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள்.